கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள்

கண்டக்டர் வேலையில் நான் சேர்ந்த கதையைப் போன வாரம் சொன்னேன். இந்த வாரம், அதே பஸ்ஸிலிருந்து ஒரு நாள் நடுவழியில் இறங்கிய கதை.

ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கியிருந்த சமயம். நவம்பர் இரண்டாம் தேதி. எங்கள் கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். எனக்கு அன்று டூட்டி இல்லை. சேலத்தில் பயணியாக ஏறி, ராசிபுரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வேலங்காட்டை ஒட்டி இறங்கினேன். அங்கே ஸ்டாப் கிடையாது. டிரைவர் பழனியப்பன் எனக்காக நிறுத்தினார்.

கையில் ஒரு கட்டு மெழுகுவத்தி. செய்தித்தாளில் சுற்றி நூல் போட்டுக் கட்டியது. முந்தின நாள் மழையில் ஊறிய செம்மண் செருப்பில் அப்பிக்கொண்டே வந்தது. முள்வேலிக்குள் புராட்டஸ்டண்ட் சபையாரின் கல்லறைத் தோட்டம். அதன் கடைசி வரிசையில், மண் இன்னும் சரியாக இறுகாத ஒரு மேடு. அதில் இருந்தவள் என் மனைவி சுகிர்தம்.

குனிந்து, மெழுகுவத்தி நிற்பதற்கு விரலால் ஒரு குழி பறித்தேன். தீப்பெட்டி நமத்துப்போயிருந்தது. முதல் குச்சி உதிர்ந்தது. அடுத்ததைக் கிழிக்கப் போனபோது பின்னால் குரல் கேட்டது.

"மாப்ள, அதெ ஏத்தாதீங்க."

என் மாமனார் ஏசடியான். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், சபையில் மூப்பர். ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் அவர் வீடு. பஸ் நின்ற சத்தம் கேட்டு வந்திருப்பார். தோளில் துண்டு, கையில் செம்பு. மகள் தலைமாட்டில் வைத்த செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர்.

"ஒண்ணே ஒண்ணு மாமா. ஏத்திட்டுப் போயிடறேன்."

"ஏத்துனா சபையில கேப்பாங்க. அதுகூடப் போகுதுங்க. எம்புள்ள எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

ஒரே சாமி, இரண்டு தோட்டம்

இது என்ன வம்பு, ஒரு மெழுகுவத்திக்கா இத்தனை ரகளை என்று நீங்கள் கேட்கலாம். பழனியப்பனும் அதைத்தான் கேட்டார். காலையில் வண்டி எடுக்கும்போது எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கடியில் வைத்து, கற்பூரம் காட்டி, மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏறுகிற மனுஷர்.

"ஏனுங்க, உங்களுக்கும் அவங்களுக்கும் சாமி ஒண்ணுதானுங்களே. அப்பறம் என்னத்துக்கு ரெண்டு கோயிலு, ரெண்டு சுடுகாடு?"

அவருக்கு என்னத்தைச் சொல்வது? எங்கள் இராயப்பர்தான் அவர்களுக்குப் பேதுரு. எங்கள் சின்னப்பர்தான் அவர்களுக்குப் பவுல். பூசை எங்களுக்கு லத்தீனில் நடக்கும். ஆராதனை அவர்களுக்குத் தமிழில். எங்கள் வீட்டுச் சுவரில் மாதா, சூசையப்பர், அந்தோணியார் என்று இடம் இல்லாமல் படங்கள் தொங்கும். அவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு வேத வசனம் மட்டும், சட்டம் போட்டு. நாங்கள் மனப்பாடமாகச் சொல்வோம்; அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் கடவுள் உட்கார்ந்திருப்பதுபோல் சொந்த வார்த்தையில் பேசுவார்கள்.

இதெல்லாம் சேர்ந்து வாழ்ந்தால் பழகிவிடுகிற விஷயங்கள். பழகாத ஒன்று இருந்தது. செத்தவர்களை என்ன செய்வது என்பதில் நாங்கள் ஒத்துப்போகவே இல்லை.

முன் சீட்டு

சுகிர்தம் சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர். விடுதியில் தங்கியிருந்தாள். சனிக்கிழமை ஊருக்குப் போவாள், திங்கட்கிழமை முதல் வண்டியில் திரும்புவாள். எங்கள் பஸ்தான். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்காருவாள். அந்த சீட்டை வேறு யாரும் பிடிக்காதபடி நான் பார்த்துக்கொண்டேன் என்பது பழனியப்பனுக்குத் தெரிந்து, ராசிபுரம் டீக்கடை வரைக்கும் பரவியது.

ஒரு நாள் எங்கள் கோயில் ஒன்றைக் கடக்கும்போது நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டே நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள், "நீங்க ஆர்.சி.ங்களா?"

"ஆமா. நீங்க?"

"நாங்க விசிலு ஊதாம செபம் பண்றவங்க."

அவளைக் கட்டிக்கொள்வதென்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவளுக்கு அதைச் சொல்ல ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆயிற்று.

கலியாணம் எப்படி நடந்தது தெரியுமா? எங்கள் பிஷப்பான மேற்றிராணியாரின் விசேஷ அனுமதி வந்தது. ஆனால் அவள் மதம் மாறமாட்டேன் என்றதால் பீடத்துக்கு முன்னால் நிறுத்திக் கலியாணம் மந்திரிக்க முடியாது என்றார்கள். சாமியார் பூசை உடுப்பு மாற்றுகிற பின்னறையில் நடந்தது. பூசை கிடையாது, பாட்டு கிடையாது, பூ கிடையாது. பழைய அங்கிகளும் மெழுகும் கலந்த ஒரு வாடை. இளம்பிள்ளை ஊர்த் தறியில் எடுத்த வெள்ளைப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் அவள் நின்றாள். பிறக்கிற பிள்ளைகளை எங்கள் கோயிலில்தான் ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவருவோம் என்று வாக்குக் கொடுத்தாள். என் மாமனார் உள்ளே வரவில்லை. வெளியே புங்கமரத்தடியில் நின்றிருந்தார்.

பிள்ளைகள் பிறக்கவில்லை. அந்த வாக்கைக் காப்பாற்றும் வேலை அவளுக்கு வரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் சேர்ந்துதான் வீட்டைப் பூட்டுவோம். தெருமுனை வரை சேர்ந்து நடப்போம். அங்கிருந்து அவள் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். அவர்கள் கோயிலுக்குள் நாங்கள் கால் வைக்கக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்ப்பேன். குடையை விரித்துக்கொண்டு தனியாகப் போய்க்கொண்டிருப்பாள். கோயிலில் எல்லாரும் குடும்பம் குடும்பமாக வந்து நிற்க, கலியாணமான நான் மட்டும் பிரம்மச்சாரி மாதிரி ஆண்கள் பக்கத்தில் முழங்காலில் நிற்பேன். அங்கே அவளும் அப்படித்தான் இருந்திருப்பாள்.

மல்லூர்

ஒருமுறை அவளை ஊரில் விட்டுவர, டூட்டி இல்லாத நாளில் இருவரும் பஸ்ஸில் போனோம். அப்போதுதான் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிக் கேட்டாள். செத்தவர்களுக்காக வீட்டில் நான் தினமும் சொல்லும் செபம் அவளுக்கு விளங்கவில்லை.

எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன். "ராசிபுரம்தான் மோட்சம்னு வெச்சுக்க. நரகத்துக்கு வேற ரூட்டு, அதை விடு. நல்லவங்களா இருந்தாலும் நம்மள மாதிரி ஆளுங்க நேரா ராசிபுரம் போக முடியாது. வழியில மல்லூர்ல இறக்கி விட்டுருவாங்க. செஞ்ச பாவத்தோட கறை போற வரைக்கும் அங்க வெயில்ல நிக்கணும். இங்க இருக்கிறவங்க செபம் பண்ணினா, மெழுகுவத்தி ஏத்தினா, பூசை வெச்சா, அடுத்த வண்டி சீக்கிரம் வரும். அதுக்குத்தான் கல்லறைத் திருநாள்."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்காளுங்க ஏறுறது எல்லாம் எக்ஸ்பிரஸுங்க. ஏறுனா ராசிபுரத்துலதான் எறக்கம். நடுவுல ஸ்டாப்பு கெடையாது."

"டிக்கெட் யார் எடுப்பா?"

"அதெ அவரு சிலுவையிலயே எடுத்துட்டாருங்க."

கண்டக்டரிடமே டிக்கெட் விஷயத்தில் ஜெயித்துவிட்டாள். முன்னால் பழனியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அன்று மல்லூரில் வண்டி நின்றபோது அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "ஏனுங்க, ஆரெல்லாம் நிக்கறாங்க?" என்று கேட்டாள். வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு ஒரு அம்மாளும் ஒரு ஆட்டுக்குட்டியும் நின்றிருந்தார்கள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு மல்லூர் என்றே பேர் ஆகிவிட்டது. மல்லூர்க்காரர்கள் மன்னிக்கவும்.

அவள் வாங்கிய வாக்கு

மஞ்சள் காமாலை என்றார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பத்தியம் வைத்தோம். பிறகு ஆஸ்பத்திரி. கட்டிலில் கிடந்தவளின் கண் வெள்ளை, சாமந்திப்பூ நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு மத்தியானம், வார்டில் ஃபினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"என்னெ எங்கப்பா ஊர்லயே வையுங்க. உங்க தோட்டத்துல எடம் குடுக்கமாட்டாங்க. அதுக்காக நீங்க ஆருகிட்டயும் போய் நிக்க வேண்டாம்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"இன்னொண்ணுங்க. எனக்கு மெழுகுவத்தி ஏத்தி, என்ற ஆத்துமாவுக்குன்னு செபம் பண்ணாதீங்க."

"ஏம்மா?"

"பண்ணுனீங்கன்னா, நான் போய்ச் சேந்தனான்னு உங்களுக்கே சந்தேகம்னு ஆயிருமுங்க. என்னெ மல்லூர்ல எறக்கி விட்றாதீங்க."

சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் என் விரலை விடவில்லை. நான் சரி என்று சொன்ன பிறகுதான் விட்டாள்.

அடக்கத்துக்கு என் தம்பி குடும்பத்தார் வந்தார்கள். சபையாரின் கோயில் வாசலுக்கு வெளியே நின்றார்கள். நான் மட்டும் உள்ளே போனேன். எங்கள் அடக்கத்தில் கறுப்பு உடுப்பும், சாம்பிராணிப் புகையும், செத்தவருக்கு இரங்கும்படி கெஞ்சுகிற மன்றாட்டும் இருக்கும். இவர்கள் குழிக்கரையில் நின்று பாடினார்கள். ஊருக்குப் போகிறவளை வழியனுப்புகிற மாதிரியான பாட்டு. என் மாமனார் கண்ணில் தண்ணீர் வழிய வழிய, ஒரு அடிகூட விடாமல் பாடினார். எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் பெண்டாட்டியின் குழிக்கு முன்னால் நான்தான் வெளியாள்.

வெறும் கை

அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வீட்டில் விளக்கு ஏற்றினால் மாதா படமும் நானும். தினமும் பஸ் அந்த முள்வேலியைத் தாண்டும். போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம். பழனியப்பன் ஒன்றும் சொல்லாமல் அந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பார். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு எரிச்சல் வந்தது. டிக்கெட் கேட்கும்போது குரலில் அது தெரிந்திருக்கும்.

தனியாக இருக்கிறவனுக்குப் பயம் எங்கிருந்தாவது வந்துவிடும். எனக்கு மல்லூரிலிருந்து வந்தது. நாங்கள் சிரித்த அந்த இடம் நிஜமாகவே இருந்துவிட்டால்? அவள் அங்கே வெயிலில் நின்றுகொண்டிருந்தால்? அவளுடைய ஆட்கள் அவளுக்காக வேண்டமாட்டார்கள். அப்படி ஒரு இடமே இல்லை என்கிறவர்கள். என் ஆட்கள் வேண்டமாட்டார்கள். அவள் எங்கள் சபை இல்லை. மிச்சம் இருப்பது நான் ஒருவன். நானும் வாயைக் கட்டிக்கொண்டேன் என்றால், அவளுக்கு யார்?

அக்டோபர் கடைசியில் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். பிரெஞ்சு தேசத்துக்காரர், இரக்கமுள்ள மனிதர். கல்லறைத் திருநாள் பூசையில் செத்தவர்கள் பெயரை வாசிக்கும்போது அவள் பெயரையும் வாசிப்பீர்களா என்றேன். தாடியைத் தடவிக்கொண்டார்.

"பீடத்தில் வாசிக்க எனக்கு அனுமதி இல்லை, மகனே. நீ உன் மனசுக்குள் அவளுக்காக வேண்டிக்கொள். அதை யாரும் தடுக்க முடியாது."

அதைத்தான் அவள் தடுத்திருந்தாள் என்று அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி காலையில் எங்கள் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி. அப்பா அம்மாவுக்கு ஏற்றினேன். ஒவ்வொரு மேட்டையும் சுற்றி ஒரு குடும்பம் நின்றது. சுண்ணாம்பும் சாமந்தியும் உருகிய மெழுகும் மணந்தன. யாரைப் பார்த்தாலும் தங்கள் ஆளுக்கு ஏதோ ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. வாசலில் இன்னொரு கட்டு வாங்கிக்கொண்டு நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

அந்தக் கட்டோடுதான் நீங்கள் என்னை முதலில் பார்த்தது. மாமனார் அப்படிக் கேட்டதும், மண்ணில் பறித்த குழியைக் காலால் மூடினேன். மெழுகுவத்தியைத் திரும்பக் காகிதத்தில் சுற்றினேன். அவர் ரோடு வரைக்கும் கூட வந்தார். திரும்பி வருகிற பஸ்ஸுக்காக இருவரும் ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தெரியும் என்று சொன்னவரும் தினம் செம்பைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வருகிறார் என்பது எனக்குப் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தோன்றியது.

நாள் மாறியது

அடுத்த வருஷமும் நவம்பர் வந்தது. முதல் தேதி எங்களுக்குச் சகல அர்ச்சிஷ்டவர்களுடைய திருநாள். அதாவது, மோட்சம் போய்ச் சேர்ந்த புனிதர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு நாள். கடன் திருநாள், பூசைக்குப் போயே ஆகவேண்டும். போனேன். தூக்கக் கலக்கத்தோடு தூணில் சாய்ந்திருந்தேன். சாமியார் வருஷா வருஷம் சொல்கிற பிரசங்கத்தைத்தான் சொன்னார்.

"படத்தில் இருக்கிறவர்கள் மட்டும் அர்ச்சிஷ்டவர்கள் அல்ல. பெயர் தெரியாதவர்கள் ஏராளம். உங்கள் வீட்டில் உங்களுக்குச் சோறு போட்டவர்களும் அதில் இருப்பார்கள். அவர்களுக்காக நாம் வேண்டத் தேவையில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள்தான் நமக்காக வேண்டுகிறார்கள்."

தூணிலிருந்து நிமிர்ந்தேன்.

எத்தனையோ வருஷமாகக் காதில் விழுந்த பேச்சு. அன்றைக்குத்தான் உள்ளே போயிற்று. நேராகப் போய்விடுவேன் என்று அவள் சொன்னாள். போய்ச் சேர்ந்தவர்களுக்கு எங்களிடம் ஒரு நாள் இருக்கிறது. அது இரண்டாம் தேதி இல்லை, முதல் தேதி. அவளுக்காக வேண்டக்கூடாது என்றுதான் வாக்கு வாங்கினாள். அவளிடம் வேண்டக்கூடாது என்று வாங்கவில்லை. மாதாவிடமே எதற்கு வேண்டுகிறீர்கள், நேராக அவரிடம் கேட்கவேண்டியதுதானே என்று வீட்டில் சண்டை போட்டவள். தன்னிடம் ஒருத்தன் வந்து வேண்டினால் தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும்.

பூசை முடிந்ததும் டூட்டியை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கையில் ஒன்றும் இல்லை. மல்லூரில் வண்டி நின்றபோது, அந்த வருஷத்தில் முதல் தடவையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள்.

மேட்டின் மேல் புல் முளைத்திருந்தது. தலைமாட்டில் செடி இடுப்பு உயரம். மாமனார் செம்போடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் என் கையைத்தான் பார்த்தார்.

"வாங்க மாப்ள. உங்க திருநாளு நாளைக்கல்லங்க? நாளு மாறி வந்துட்டீங்களே."

"நாள் மாறல மாமா. நாளைக்கு இன்னும் போய்ச் சேராதவங்களுக்கு. இன்னிக்குத்தான் போய்ச் சேர்ந்தவங்களுக்கு."

அவர் செம்பைக் கீழே வைத்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"அப்படி ஒரு நாளு இருக்குதுங்களா உங்களுக்கு?"

"இருக்கு மாமா. எனக்கே இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது."

"சித்தெ இருங்க" என்று ரோட்டைக் கடந்து போனார். வீட்டிலிருந்து ஒரு மணைப்பலகையைக் கொண்டு வந்து, ஈரம் இல்லாத இடமாகப் பார்த்துப் போட்டார். "பஸ்ஸு வார வரைக்கும் உக்காருங்க" என்றார். மேட்டைப் பார்த்து, மகளைச் செல்லமாகக் கூப்பிடுவதுபோல், "சாமி, உங்கூட்டுக்காரரு வந்திருக்காரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

உட்கார்ந்தேன். மனப்பாடச் செபம் எதுவும் வாயில் வரவில்லை. அவள் மாதிரியே சொந்த வார்த்தையில் பேசிப் பார்த்தேன். வீடு வெறிச்சென்று இருக்கிறது, ராத்திரிச் சோறு பாதி மிச்சமாகிறது, எனக்காகக் கொஞ்சம் வேண்டிக்கொள் என்றேன். வேலங்காட்டில் ஒரு காடை கத்திக்கொண்டிருந்தது. வேறு பதில் வரவில்லை. பஸ் வருகிற வரைக்கும் இருந்தேன்.

மறுநாள் சேலத்துக் கல்லறையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஏற்றினேன். தம்பி மனைவி என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்குன்னு ஒண்ணு தனியா ஏத்தலீங்களா மாமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா" என்றேன்.

இந்த வருஷமும் ஏற்றவில்லை. ஊரெல்லாம் மெழுகுவத்தியோடு நிற்கிற அன்று, அவளுக்காகச் செய்ய ஒன்றும் இல்லாமல் வெறும் கையோடு நிற்பது இத்தனை வருஷத்திலும் எனக்குப் பழகவில்லை. ஆனால் அவளை நான் மல்லூரில் இறக்கி விடவில்லை.